மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் உண்ணல் கோளாறுகள் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி: கிளிநொச்சி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள ஒரு பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கிறேன். சென்ற தவணையிலிருந்து என் மனத்தை விட்டு அகலாத ஒரு விடயத்தை இங்கே எழுதுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்வீர்கள் என்று நம்புகிறேன்.

மேல் வகுப்பு மாணவி ஒருத்தி இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பாள். புட்டை விரல்களால் உதிர்ப்பாள், உதிர்த்ததை மீண்டும் குவிப்பாள், பிறகு பெட்டியின் ஓரங்களுக்கு ஒதுக்குவாள். பாதி உண்டது போன்ற தோற்றம் வந்ததும் மூடிவிடுவாள். முட்டைப் பொரியலைப் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்துவிட்டு, அவள் அதை உண்ணும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். முன்பு கலகலப்பாகப் பேசியவள் இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். அவள் ஒருத்தி மட்டுமல்ல. வேறு சிலரும் கைத்தொலைபேசியில் 'இரண்டு கிழமையில் வயிறு குறைய' என்ற வகைக் காணொளிகளைப் பார்த்து, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வருகிறார்கள். காலைப் பிரார்த்தனையின்போது தலைச்சுற்றி அமர்ந்துவிடும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது.

இது உண்ணல் கோளாறாக இருக்குமோ என்று ஆசிரியர் அறையில் சொன்னபோது, மூத்த ஆசிரியர் ஒருவர், "போரில் கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனத்தின் பிள்ளைகளுக்கு இப்படியொரு வருத்தம் வருமா? இது வெள்ளைக்காரரின் வருத்தம்" என்றார். அவர் இளக்காரமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே நம்ப முடியாமல்தான் சொன்னார். எனக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு பாடவேளையை அதிபர் எனக்குத் தந்திருக்கிறார். எலும்பும் தோலுமாகிப்போன நோயாளிகளின் படங்களைத் திரையில் காட்டி, அவர்கள் என்னென்ன செய்து அந்த நிலைக்கு வந்தார்கள் என்று விளக்கினால் பிள்ளைகள் பயந்து விலகுவார்கள் என்று எண்ணுகிறேன். ஒவ்வொருவரின் உயரத்தையும் நிறையையும் அளந்து, உடற்திணிவுச் சுட்டியைக் கணித்துக் காட்டவும் நினைத்திருக்கிறேன். இது சரியான வழிதானா?


பதில் 1: உளசமூகப் பணியாளர், முல்லைத்தீவு

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, நீங்கள் கேட்டுவிட்டுச் செய்ய நினைத்ததே பெரிய காரியம். உங்கள் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன்: அந்தப் படங்களைக் காட்ட வேண்டாம், வகுப்பில் நிறை பார்க்கவும் வேண்டாம்.

காரணம் இதுதான். ஏற்கெனவே தன் உடலை வெறுக்கத் தொடங்கியிருக்கும் ஒரு பிள்ளைக்கு, மிகவும் மெலிந்த ஒருவரின் படம் எச்சரிக்கையாகத் தெரிவதில்லை, எட்ட வேண்டிய இலக்காகத் தெரிகிறது. நோயாளிகள் உணவை எப்படி ஒளித்தார்கள், உண்டதை எப்படி வெளியேற்றினார்கள் என்ற விளக்கம், அதுவரை அந்த எண்ணமே இல்லாதிருந்த பிள்ளைக்குச் செய்முறைப் பாடமாகிவிடும். புகைத்தலைத் தடுக்கப் புகையிலையைச் சுருட்டக் கற்றுக்கொடுப்போமா? நிறையைச் சத்தமாக வாசித்தால் அன்று மாலைக்குள் அந்த எண்கள் பட்டப்பெயர்களாக மாறிவிடும் என்பது பாடசாலையில் பணிபுரியும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்படியானால் எதைக் கற்பிப்பது? நோயை அல்ல, அந்த நோய் வேர்விடும் மண்ணைப் பற்றிக் கற்பிக்க வேண்டும். கட்டிளமைப் பருவத்தில் உடல் மாறுவது, இடுப்பிலும் தொடையிலும் சதை பிடிப்பது, ஒரே வயதினர் வெவ்வேறு வேகத்தில் வளர்வது ஆகியவை இயல்பானவை என்பதைப் பிள்ளைகள் தெளிவாகக் கேட்க வேண்டும். கோபம், வெட்கம், தனிமை, பரீட்சைப் பயம் ஆகியவற்றுக்குப் பெயர் வைத்துச் சொல்லவும், அவற்றைத் தாங்கிக்கொள்ளவும் பழக வேண்டும். ஏனென்றால், தன் வாழ்க்கையில் எதுவும் தன் கையில் இல்லை என்று உணரும் பிள்ளை, கோப்பையில் இருக்கும் சோறாவது தன் கட்டுப்பாட்டில் இருக்கட்டும் என்று நினைக்கத் தொடங்கும் இடத்தில்தான் பலருக்கு இந்த வருத்தம் பிடிக்கிறது. மூன்றாவதாக, திரையில் தெரியும் உடல் எப்படி உருவாக்கப்படுகிறது என்பதை அவர்களே பிரித்துப் பார்க்க வேண்டும்.

இந்த மூன்றாவது விடயம் எவ்வளவு பலமானது என்பதற்கு ஃபிஜித் தீவில் நடந்த ஆய்வைச் சொல்லலாம். உடல் பருமனை நல்ல பராமரிப்பின் அடையாளமாகக் கருதிய அந்த மண்ணின் நட்ரோகா பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. மருத்துவ மானிடவியலாளர் ஆன் பெக்கர், அது வந்து சில கிழமைகளில் ஒரு தொகுதி மாணவிகளிடமும், 1998இல் இன்னொரு தொகுதி மாணவிகளிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார். நிறையைக் கட்டுப்படுத்துவதற்காக வாந்தி எடுத்ததாக முதல் தொகுதியில் ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின் 11.3 சதவீதத்தினர் சொன்னார்கள். உங்கள் சக ஆசிரியர் "வெள்ளைக்காரரின் வருத்தம்" என்று சொன்னதற்கு ஃபிஜியே பதில். எங்கள் பிள்ளைகளின் கையில் இருப்பது ஊருக்கு ஒரு தொலைக்காட்சி அல்ல, படுக்கை வரை கூடவே வரும் திரை.

அவருடைய கேள்வியின் மறுபாதி இன்னும் ஆழமானது என்று நினைக்கிறேன். பட்டினியும் இந்த வருத்தமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று நாங்கள் எண்ணுகிறோம். அது அப்படியல்ல. 1944 நவம்பரில் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியலாளர், இரண்டாம் உலகப் போரால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி உணவளிப்பது என்று அறிவதற்காக, உடலும் மனமும் திடமாக இருந்த 36 இளைஞர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டில் அவர்களுக்கு ஆறு மாதங்கள் அரை வயிற்று உணவு மட்டுமே கொடுக்கப்பட்டது. அவர்களுக்கு மெலிய வேண்டும் என்ற ஆசை இருக்கவில்லை. ஆனாலும் அவர்கள் சமையற் குறிப்புகளைச் சேகரித்தார்கள், ஒரு தட்டு உணவை மணிக்கணக்கில் பிசைந்து உண்டார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள், சினந்தார்கள், சோர்ந்தார்கள். உணவு மீண்டும் கிடைத்தபோது சிலரால் உண்பதை நிறுத்த முடியவில்லை. அதாவது, உங்கள் மாணவி புட்டை உதிர்த்துக் குவிப்பதும், தன் முட்டையை மற்றவள் உண்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதும், பேச்சைக் குறைத்ததும் அடமோ நடிப்போ அல்ல. பெரும்பகுதி பட்டினி மூளையில் செய்யும் வேலை. தொடங்கும்போது அது அவளுடைய முடிவாக இருந்திருக்கலாம், இப்போது அப்படி இருக்காது. அதனால்தான் முளையிலேயே கவனிக்க வேண்டும்.

இன்னொன்றையும் சேர்க்கிறேன். அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 14, 15 வயது மாணவர்களை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வில், கடுமையாக உணவைக் குறைத்த மாணவிகளுக்கு, குறைக்காதவர்களைக் காட்டிலும் உண்ணல் கோளாறு தோன்றும் வாய்ப்பு 18 மடங்காக இருந்தது. மிதமாகக் குறைத்தவர்களுக்கே அது 5 மடங்கு. எனவே, காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு வரும் மற்றப் பிள்ளைகளையும் சின்ன விடயம் என்று விட்டுவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரு யோசனை. எரிக் ஸ்டைஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வளர்த்தெடுத்த முறையொன்று பல நாடுகளில் பயன்படுத்தப்படுகிறது. மெலிந்த உடலே அழகு என்ற எண்ணத்துக்கு எதிராகப் பெரியவர்கள் பிரசங்கம் செய்வதற்குப் பதிலாக, பிள்ளைகளே வாதிடுவதும் எழுதுவதும் நடித்துக் காட்டுவதும்தான் அதன் அடிப்படை. தானே சொன்ன வாதம் தன் மனத்தில் தங்கும். உங்கள் வகுப்பில், "உணவைக் குறைக்கப் போகிறேன் என்று சொல்லும் தங்கைக்கு ஒரு கடிதம்" எழுதச் சொல்லுங்கள். விரும்பியவர்கள் வாசிக்கட்டும், எவரையும் வற்புறுத்த வேண்டாம். ஒரு பாடவேளை போதாது. ஒரே பெரிய கூட்டத்தை விட, இருபது பேர் கொண்ட சிறு குழுவாக நான்கு கிழமைகள் சந்திப்பது பலன் தரும்.

அந்த ஒரு மாணவியின் விடயம் வேறு. அவளுக்கு வகுப்பறைப் பாடம் மருந்தாகாது. அவளிடம் தனியாகப் பேசுங்கள். "நீ மெலிந்துவிட்டாய்" என்று தொடங்காமல், "நீ முன்பு போல் சிரிப்பதில்லை, அதைக் கண்டு எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று தொடங்குங்கள்.


பதில் 2: ஒரு தாய், புதுக்குடியிருப்பு

ரீச்சர், நான் படித்தவள் அல்ல. எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

என் மகளுக்கு அப்போது பதினைந்து வயது. அந்த ஆண்டு கௌரிக் காப்பு விரதம் இருபத்தொரு நாளும் பிடித்தாள். அது முடிந்த மறுநாளே தொடங்கிய கந்தசஷ்டி ஆறு நாளும் பிடித்தாள். பிள்ளைக்கு இவ்வளவு பக்தியா என்று நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். பாறணை அன்று அவளே விடிய எழும்பி, பூசணிக்காய், வாழைக்காய், பயற்றங்காய் என்று எல்லாக் கறியும் வைத்து, எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். தன்னுடைய இலையில் ஒரு பிடி சோற்றை வைத்துக்கொண்டு அதைத் தள்ளித் தள்ளி இருந்தாள். மேலே அந்த ஐயா எழுதிய சமையற் குறிப்புக் கதையை வாசித்தபோது அந்த இலைதான் என் கண் முன்னால் வந்தது. மற்றவர்களுக்குப் பாறணை முடிந்தது, அவளுக்கு முடியவில்லை.

அதற்குப் பின் நான் செய்த பிழையையும் எழுத வேண்டும். 2009 பங்குனியில் அவளுடைய அண்ணனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கோப்பைக் கஞ்சிக்காக வெய்யிலில் நின்றவள் நான். செட்டிகுளம் முகாமில் சாப்பாட்டுப் பார்சலுக்கு அடிபட்டவள் நான். அதனால் அவள் கோப்பையில் சோற்றை மிச்சம் வைத்தபோது, "நாங்கள் பட்டினி கிடந்த கதை தெரியுமா உனக்கு?" என்று ஒவ்வொரு நாளும் கேட்டேன். என் அம்மா அழுவார். நாங்கள் அழ அழ அவள் இன்னும் குறைத்தாள். எங்கள் பசியின் பாரத்தை அவள் தலையில் வைக்கிறோம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பின்னர் வைத்தியசாலையில் உளவளத்துணை செய்த பிள்ளைதான், "அம்மா, உங்கள் கதையை அவளுக்குச் சொல்லலாம், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் சொல்லாதீர்கள்" என்றாள்.

எங்கே தொடங்கியது என்று பின்னர்தான் சொன்னாள். அவளுடைய சாமத்தியவீட்டில் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவர், படம் எடுக்கும்போது, "உழுந்துக்களியை நல்லாத்தான் தீத்தியிருக்கிறீர்கள், சாறிக்குள் அடங்கவில்லை" என்று சொன்னாராம். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை அவள் இரண்டு வருடம் மனத்துக்குள் வைத்திருந்தாள்.

இப்போது நல்லாக இருக்கிறாள். முழுமையாகச் சரியாக ஒன்றரை வருடம் எடுத்தது. தாய்மாரையும் ஒரு நாள் கூப்பிட்டுப் பேசுங்கள் ரீச்சர். பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லி அனுப்பினால், வீட்டில் நாங்கள் அதை அழித்துவிடுவோம்.


பதில் 3: குடும்பநல உத்தியோகத்தர், வவுனியா வடக்கு

அம்மாவின் பதிவை வாசித்துச் சிறிது நேரம் எதுவும் எழுத முடியவில்லை. விரதத்தைப் பற்றி அவர் சொன்னதை என் களப்பணியிலும் கண்டிருக்கிறேன். விரதத்தைத் தடுக்க வேண்டும் என்பதல்ல. விரதத்துக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு, முடிந்ததும் அந்தப் பிள்ளை மகிழ்ச்சியோடு உண்ண வேண்டும். முடிவு தள்ளிக்கொண்டே போனால் அதைக் கவனிக்க வேண்டும். தவக்காலத்துக்கும் நோன்புக்கும் இதுவே பொருந்தும்.

உடல்நலம் சார்ந்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன். ஒரு பிள்ளை மெலிகிறாள் என்றவுடன் உண்ணல் கோளாறு என்று நாமே முடிவு செய்யக் கூடாது. சிறுவயது நீரிழிவு, தைரொயிட் சுரப்பியின் மிகைத் தொழிற்பாடு, காசநோய், மனச்சோர்வு ஆகியவையும் உடலை உருக்கும். ஆகையால் முதலில் வைத்தியர் பார்க்க வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளுக்கு நடக்கிறது. 200க்குக் குறைந்த மாணவர்கள் உள்ள பாடசாலைகளில் எல்லோருக்கும் நடக்கும். ஆனால் அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் பெற்றோருடன் எந்த நாளும் வரலாம்.

மயங்கி விழுதல், நெஞ்சு படபடப்பு, நாடித் துடிப்பு மிகவும் குறைதல், வன்னி வெய்யிலிலும் கை கால் குளிர்ந்திருத்தல், அடிக்கடி வாந்தி ஆகியவை இருந்தால் அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தொடர்ந்து வாந்தி எடுப்பவர்களின் குருதியில் பொட்டாசியம் குறைந்து, இதயத் துடிப்பு திடீரெனக் குழம்பக்கூடும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறது என்பதை வைத்து ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் வகைப்பாட்டில், உணவை ஒறுத்து உடலை மிகவும் மெலியவைக்கும் அனொரெக்சியாவுக்கு மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது. அளவுக்கு மீறி உண்டுவிட்டு அதை வெளியேற்றும் புலிமியா, உடல் மெலியாமலே இருப்பதால் இன்னும் எளிதில் மறைந்துவிடும். அந்தப் பிள்ளை எல்லோரையும் போலவே தோன்றுவாள், உணவுக்குப் பின் மலசலகூடத்துக்குப் போவதும் பல்லின் மேற்படையான மிளிரி தேய்வதும் மட்டுமே தெரியும்.

நீண்ட நாள் பட்டினி கிடந்த பிள்ளைக்கு அன்புமிகுதியில் ஒரே நாளில் நிறையத் தீத்திவிடாதீர்கள். குருதியில் பொஸ்பேற்று போன்ற உப்புகள் திடீரென வீழ்ந்து உயிராபத்து ஏற்படலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் கண்டறியப்பட்ட உண்மை இது. எவ்வளவு, எந்த வேகத்தில் என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும்.

பெற்றோர்தான் காரணம் என்ற பேச்சையும் விட்டுவிடுவோம். இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் நடந்து 1987இல் வெளியான ஆய்வில், 19 வயதுக்கு முன் தொடங்கி மூன்றாண்டுகளைத் தாண்டாத அனொரெக்சியாவுக்கு, தனியாகச் செய்த சிகிச்சையை விடக் குடும்பத்தையே பங்காளியாக்கிய சிகிச்சை கூடுதல் பலன் தந்தது. தாயும் தகப்பனும்தான் அங்கே மருந்து. அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் அந்த மருந்து கிடைக்காது.

மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகக் கூச்சப்படும் பெற்றோர், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு முதலில் அழைத்துப் பேசலாம்.


பதில் 4: மாங்குளம் இளைஞன்

பெண் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள், ஆகவே இதை எழுதுகிறேன். தரம் 11இல் என்னை வகுப்பு முழுவதும் "நெத்தலி" என்று கூப்பிட்டார்கள். இல்ல விளையாட்டுப் போட்டியில் ஓடும்போது மைதானத்தின் ஓரத்திலிருந்தும் அதே பெயர்தான் கேட்டது. உடம்பு வைக்கும் என்று கடையில் விற்ற மாவை வாங்கிக் கரைத்துக் குடித்தேன், சோற்றை நிறுத்தினேன், இரவில் கதவைப் பூட்டிவிட்டு உடற்பயிற்சி செய்தேன், கண்ணாடியில் தோளை மட்டும் பார்த்தேன். ஒரு நாள் முழுவதும் ஒன்றும் உண்ணாமல் இருந்துவிட்டு, நள்ளிரவில் பானையில் இருந்த சோறு முழுவதையும் உண்டு முடித்து, அழுதிருக்கிறேன். ஆண் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறான் என்று வீட்டில் சந்தோசப்பட்டார்கள். எனக்கு நடந்ததற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே பல்கலைக்கழகம் போன பிறகுதான் தெரிந்தது. உங்கள் வகுப்பில் பெண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஆண்களை மைதானத்துக்கு அனுப்பிவிடாதீர்கள், ரீச்சர். பட்டப்பெயர் வைப்பதைப் பற்றியும் பேசுங்கள். அதை ஒரு ஆசிரியரும் எனக்காகத் தடுக்கவில்லை.


மீண்டும் கேள்வி கேட்டவர்: கிளிநொச்சி ஆசிரியை

நான்கு பேருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. தம்பி எழுதியதை வாசித்தபோது, நானே வகுப்பில் ஒரு மாணவனை அவனுடைய பட்டப்பெயரால் கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. நாளை காலை அவனிடம் முதலில் பேசுவேன்.

படங்களை அழித்துவிட்டேன். அதிபரிடம் பேசி, ஒரு பாடவேளையை நான்கு வெள்ளிக்கிழமைகளாக மாற்றிக்கொண்டேன். ஆண், பெண் இரு பாலாரும் இருப்பார்கள். முதல் வெள்ளி கட்டிளமைப் பருவ உடல் மாற்றம், இரண்டாவது வெள்ளி திரையில் வரும் உடல்கள், மூன்றாவது வெள்ளி தங்கைக்கோ தம்பிக்கோ எழுதும் கடிதம். நான்காவது நாள் தாய் தந்தையரை அழைக்கிறேன். புதுக்குடியிருப்பு அம்மா விரும்பினால், பெயர் சொல்லாமல் அவருடைய பதிவை அன்று வாசிக்க அனுமதி கேட்கிறேன்.

அந்த மாணவியிடம் இன்று பாடசாலை முடிந்த பின் தனியாகப் பேசினேன். உடலைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "முன்பு போல் சிரிப்பதில்லையே பிள்ளை" என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் பையின் பட்டியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "இரவில் நித்திரை வருவதில்லை மிஸ், எந்த நேரமும் சாப்பாட்டைப் பற்றித்தான் நினைவு வருகிறது" என்றாள். அம்மாவிடம் தானே சொல்லப் பயமாக இருக்கிறது என்றும், நான் கூட வந்தால் சொல்வேன் என்றும் சொன்னாள். நாளை மாலை அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். திங்கட்கிழமை தாயுடன் சேர்ந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கூட்டிச் செல்வதாக இருக்கிறேன். வகுப்பறையின் மூலையில் இருந்த நிறை பார்க்கும் தராசை இன்று மாலையே எடுத்து, முதலுதவி அறையில் திரைக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன்.